பின்னால் கேட்கும் 'டொக்': காரின் சத்தத்துக்குக் காரணம் தேடுவது எப்படி?

எங்கள் காரில் அம்மாவின் இடம் பின் ஆசனத்தின் இடது பக்கம். 2009ஆம் ஆண்டு மாத்தளனில் பட்ட எறிகணைச் சிதறு துண்டு ஒன்று இன்னும் அவருடைய இடுப்பெலும்புக்கு அருகில் இருக்கிறது. எடுப்பதைவிட விட்டுவிடுவது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். முன் ஆசனத்தில் காலை மடக்கி அதிக நேரம் இருக்க அவரால் முடியாது. பின்னால் சற்றுச் சரிந்து, பக்கத்தில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால்தான் புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வர முடியும்.

கடந்த வருடம் ஒருநாள் பரந்தன் வீதியில் வரும்போது பின்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் ஏதோ அடித்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அதே சத்தம் பள்ளத்துக்குப் பள்ளம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடிப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். நோவா பயமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதலாவது கராஜில் இருந்த இளைஞன் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பின்னுக்குச் சத்தம் எண்டா ஷொக் தான் அக்கா" என்றான். இரண்டு பின் ஷொக் அப்சோபர்களையும் புதிதாக மாற்றினோம். இரண்டு கட்டுரைகளுக்கு எனக்குக் கிடைக்கும் பணம் அதில் போனது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், படலைக்கு முன்னால் உள்ள மதகில் ஏறி இறங்கும்போது, 'டொக்'.

இரண்டாவது கராஜில் கீழே படுத்து எல்லா நட்டுகளையும் இறுக்கினார்கள். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் மறுபடி வந்தது.

அந்தச் சத்தத்துக்குக் கடைசியில் காரணம் கண்டுபிடித்தவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாமரத்தடியில் கராஜ் வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர். அவரிடமிருந்து கற்றுக்கொண்டதையும், பிறகு வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். கார் திருத்தும் தொழிலை உங்களுக்குக் கற்றுத்தருவது என் நோக்கமல்ல. தேவையில்லாத ஒரு பொருளுக்கு நீங்கள் பணம் கொடுக்கக்கூடாது, தேவையான ஒன்றைத் தெரியாமல் விட்டுவிட்டு ஆபத்தில் ஓடவும் கூடாது. அதுதான் நோக்கம்.

பழைய கார்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் 2022இன் நெருக்கடி. இப்போது புதிய கார் வருகிறது என்றாலும் வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. ஆகவே பத்து, பதினைந்து, இருபது வயதான கார்களையும் வான்களையும் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பெற்றோல் வர விடாத காலத்தில் யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல். உதிரிப்பாகம் கிடைக்காதபோது இருப்பதை வைத்துச் சமாளித்தோம். அந்தச் சமாளிப்பு எங்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே பழக்கம்தான் இன்று ஸ்பிரிங்குக்குள் ரயர்த் துண்டை வெட்டிச் செருகவும் செய்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனியார் காருக்கு வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அந்த இயந்திரம் சைலன்சரிலிருந்து வருவதை மட்டும்தான் அளக்கும். காருக்குக் கீழே குனிந்து ஸ்பிரிங்கைப் பார்க்க அங்கே யாருமில்லை. அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

எங்கள் வீதிகளில் அதிகம் ஓடும் சிறிய இந்தியக் கார்கள் பலவற்றின் பின்பக்க அமைப்பு எளிமையானது. இரண்டு பின் சில்லுகளையும் ஓர் அச்சு இணைக்கிறது. அச்சுக்கும் கார் உடலுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள் நிற்கின்றன. காரின் பாரத்தைத் தாங்குவது இவைதான்.

ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் அது பலமுறை துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். பாரத்தைத் தாங்குவது ஷொக்கின் வேலையல்ல. ஆனால் இத்தகைய கார்களில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. காரை ஜக்கில் தூக்கும்போது அச்சு எவ்வளவு கீழே தொங்கலாம் என்ற எல்லையை வைப்பதும் அதுதான்.

அச்சு முன்னும் பின்னும் போகாமல் இரண்டு தடிகளும், பக்கவாட்டில் அசையாமல் ஒரு குறுக்குத் தடியும் பிடித்திருக்கும். இந்தத் தடிகளின் முனைகளில் இரும்போடு இரும்பு முட்டாதபடி றப்பர் புஷ்கள் இருக்கும். ஸ்பிரிங்கின் முனையிலும் றப்பர் இருக்கை ஒன்று உண்டு.

இரும்பும் இரும்பும் நேராக முட்டும்போதுதான் 'டொக்' என்ற சத்தம் வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்த இடத்தில் றப்பர் போனது, அல்லது எது தன் இடத்தைவிட்டு அசைகிறது?

முதலில் காது

மாமரத்தடி ஐயா ஒரு சாவியையும் கையில் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"எப்ப சத்தம் வருது பிள்ளை? பள்ளத்தில இறங்கேக்கையோ, ஏறேக்கையோ? ஆக்கள் இருக்கேக்கையோ, வெறுங்காரிலையோ? பிறேக் பிடிக்கேக்கை வருதோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான்தான் ஓட்டுகிறேன். ஆனால் 'பின்னுக்குச் சத்தம்' என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஊடகக் கற்கையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் எப்போது, எங்கே, எப்படி என்று கேட்பது. என் காரிடம் அதை நான் கேட்டிருக்கவில்லை.

வாங்கில் இருந்த அம்மா சொன்னார்: "இடப்பக்கம்தான் அண்ணை. சில்லு பள்ளத்துக்குள்ள விழேக்கை. ஏறேக்கை இல்லை. நான் இருந்தாக் கொஞ்சம் குறைவு. நான் இறங்கி நிக்க இவ மதகால காரை எடுக்கிறவ, அப்ப நல்லாக் கேக்கும்."

"தங்கச்சி, பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டியள்" என்றார் ஐயா.

இரண்டு கராஜ்களிலும் யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. நானும்தான். எறிகணை புறப்படும் சத்தத்தையும் விழும் சத்தத்தையும் பிரித்து, எந்தப் பக்கம் வருகிறது என்று கணித்து, பிள்ளைகளைப் பங்கருக்குள் தள்ளிய காது அது. பின் ஆசனத்தில் மாதக்கணக்காக அந்த 'டொக்'கை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே கராஜுக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே இவற்றைச் செய்யுங்கள்.

சில்லு நட்டுகளைப் பாருங்கள். பஞ்சர் போட்ட பிறகு சரியாக இறுக்காத நட்டுகளும் இதேபோலச் சத்தம் போடும். அது எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

டிக்கியை முழுமையாகக் காலி செய்யுங்கள். மேலதிக சில்லு, ஜக், அதன் கைப்பிடி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் இறக்குங்கள். பின் ஆசனத்தின் முதுகு கொளுவியில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கச் சத்தம் பல தடவை கட்டாத ஜக்கின் சத்தமாகவே இருக்கும்.

பிறகு நன்றாகத் தெரிந்த ஒரே வீதித் துண்டில், மணிக்கு 15 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுங்கள். ஒருவரைப் பின்னால் இருத்திக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் இடது சில்லை மட்டும் பள்ளத்தில் விடுங்கள், பிறகு வலது சில்லை, பிறகு இரண்டையும். ஆட்களோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை. பிறேக்கை இலேசாக மிதித்தபடி ஒருமுறை.

சத்தங்களின் மொழி

சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் எங்கே தேடத் தொடங்கலாம் என்பதை அது சொல்லும்.

*சின்னப் பள்ளத்திலும் 'டொக் டொக்'*: ஷொக்கின் மேல் அல்லது கீழ் முனையில் உள்ள புஷ் தேய்ந்திருக்கலாம், நட்டு இளகியிருக்கலாம்.

*சில்லு கீழே விழும்போது 'டொங்', ஆட்கள் ஏறினால் குறைவு*: ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்திருக்கலாம். பாரம் கூடும்போது ஸ்பிரிங் அமுங்கி இறுகும். பாரம் குறைந்து சில்லு கீழே தொங்கும் கணத்தில்தான் இளகி அடிக்கும்.

*பாரம் ஏற்றினால் மட்டும், பெரிய பள்ளத்தில் 'டம்'*: ஸ்பிரிங் தளர்ந்து கார் பதிந்துவிட்டது. அச்சு மேலேறி, கடைசித் தடுப்பாக இருக்கும் றப்பர்க் கட்டையில் போய் முட்டுகிறது.

*'கிறீச்' என்ற முனகல்*: காய்ந்து வெடித்த றப்பர் புஷ். பட்டை ஸ்பிரிங் உள்ள வாகனமானால் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வது.

*கிரவல் வீதியில் விடாமல் 'கடகட'*: முதலில் சைலன்சரைத் தொங்கவிடும் றப்பரையும் இலக்கத் தகட்டையும் பாருங்கள்.

*பிறேக் பிடிக்கும்போது மட்டும் 'டொக்'*: அச்சைப் பிடித்திருக்கும் தடிகளின் புஷ், அல்லது பிறேக்கின் உட்பாகம்.

*வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் 'உர்ர்'*: இது ஸ்பிரிங் சத்தமல்ல. சில்லின் பெயாரிங்கையும் ரயரையும் பார்க்க வேண்டும்.

நின்ற நிலையில் செய்யக்கூடிய சோதனைகள்

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு ரயர்களிலும் காற்று சரியாக இருக்கட்டும். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட்டின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். எங்கள் காரில் இடது பக்கம் ஒரு விரல் அளவு பதிந்திருந்தது. இத்தனை மாதமாக அது என் கண்ணில் படவேயில்லை.

அடுத்து, பின்பக்கத்தின் ஒரு மூலையை இரண்டு மூன்று தடவை நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். கார் ஒருமுறை மேலே வந்து அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷொக் போய்விட்டது. ஷொக்கின் உடலில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலும் அதே முடிவுதான். இலேசான ஈரப்பசை மட்டும் இருந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றில்லை. மாற்றுவதானால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

காரைத் தூக்குவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து கவனமாக வாசியுங்கள்.

ஜக் என்பது தூக்குவதற்கு மட்டும். ஜக்கில் நிற்கும் காருக்குக் கீழே தலையோ கையோ போகக்கூடாது. தூக்கிய பிறகு இரும்புத் தாங்கிகளில் காரை இறக்கி வைக்க வேண்டும். ஓட்டைக் கல்லை அடுக்கி வைப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சீமெந்துக் கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

காரின் பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹாண்ட் பிறேக்கை நம்பக்கூடாது. பெரும்பாலான கார்களில் அது பிடிப்பது பின் சில்லுகளைத்தான். அவையோ அந்தரத்தில் நிற்கின்றன. முன் சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். மணல் தரையானால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வேண்டும். இதற்கெல்லாம் வசதியில்லை என்றால் வீட்டில் தூக்க வேண்டாம். மேலே சொன்ன சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

அச்சைத் தாங்காமல் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றவே கூடாது. எல்லை வைத்திருந்தது போனதும் அச்சு கீழே விழும், ஸ்பிரிங் பாய்ந்து வரும். முன்பக்க ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே பல கார்களில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாக இறுக்கப்பட்டிருக்கும். உரிய அமுக்கி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றியவர்கள் படுகாயமடைந்திருக்கிறார்கள்.

ஸ்பிரிங் கையால் சுழன்றால்?

ஐயா காரைத் தூக்கித் தாங்கிகளில் வைத்தார். பின் சில்லுகள் தொங்கின. வலது ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. இடது ஸ்பிரிங்கைப் பிடித்தார். காப்பைச் சுழற்றுவதுபோலச் சுழன்றது.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்பது நோயின் அடையாளம். நோய் எது என்று இனித்தான் தேட வேண்டும். சில கார்களில் சில்லு முழுமையாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கில் சிறிய அசைவு இருப்பது இயல்பு. அது தன் கிண்ணத்தைவிட்டு விலகாமல், சில்லு தரையில் பட்டதும் சரியான இடத்தில் இறுகினால் குற்றமில்லை. ஆனால் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், அல்லது ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டு வெளியே வருமளவுக்கு இடைவெளி இருந்தால், கீழ்க்கண்டவற்றில் ஒன்று நடந்திருக்கிறது.

ஸ்பிரிங் வருடக்கணக்கான பாரத்தில் தளர்ந்து குட்டையாகியிருக்கலாம். அதன் முனை உடைந்திருக்கலாம். றப்பர் இருக்கை உக்கிப் போயிருக்கலாம். முன்பு இருந்தவர் வேறு மொடலின் ஸ்பிரிங்கைப் போட்டிருக்கலாம், அல்லது காரைத் தாழ்த்துவதற்காக ஒரு சுற்றை வெட்டியிருக்கலாம். அளவுக்கு மேல் நீளமான ஷொக்கைப் போட்டதால் அச்சு அதிகம் தொங்கலாம். ஷொக்கின் முனையே கழன்றிருக்கலாம்.

ஆகவே 'ஸ்பிரிங் லூஸ்' என்று யாராவது சொன்னால், 'எதனால்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் எதையும் மாற்ற விடாதீர்கள்.

எங்கள் காரில் இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. மேல் றப்பர் இருக்கை தொட்டதும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. ஸ்பிரிங்கை இறக்கியபோது அதன் கீழ் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் காணவில்லை. ஐயா கிண்ணத்துக்குள் இறுகிக்கிடந்த சேற்றை ஆணியால் கிளறினார். கறள் பிடித்த அந்தத் துண்டு அதற்குள்ளேயே கிடந்தது.

அவர் விளக்கினார்: கிண்ணத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை உண்டு. அது சேற்றால் அடைபட்டுவிட்டது. மாரியில் தண்ணீரும் சேறும் உள்ளே நின்றன. மணல் ஸ்பிரிங்கின் பூச்சைத் தேய்த்தது, கறள் பிடித்தது, கறள் பிடித்த இடத்தில் வெடிப்பு விழுந்தது, ஒருநாள் முறிந்தது. உப்புக்காற்றடிக்கும் கரையோர ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

"ஏன் இடப்பக்கம் மட்டும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் எந்தப் பக்கத்தால ஓடுறியள்?" என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் உள்வீதிகளில் எதிரே பஸ்ஸோ மணல் ஏற்றிய டிப்பரோ வந்தால் விலக வேண்டியது நாங்கள். இடது சில்லுகள்தான் தாரின் விளிம்பிலிருந்து கீழே இறங்கி, மழை அரித்த பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறும். ஒவ்வொரு விலகலுக்கும் ஒவ்வொரு அடி. அம்மா இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

எதைச் செய்ய வேண்டும், எதை விடக்கூடாது

இரண்டு பக்கத்துக்கும் ஒரே மொடலின் ஸ்பிரிங்குகள், புதிய றப்பர் இருக்கைகள், கிண்ணம் துப்புரவு, வடிகால் ஓட்டை திறப்பு. அவ்வளவுதான் எங்கள் காரில் செய்த வேலை. ஸ்பிரிங்குகள் வாகனம் உடைத்து விற்கும் இடத்தில் கிடைத்தவை. இரண்டையும் அருகருகே நிறுத்தி உயரம் பார்த்து, கம்பியின் தடிப்பையும் சுற்றுகளையும் ஒப்பிட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பார்த்துத்தான் வாங்கினார் ஐயா. மொத்தச் செலவு, தேவையில்லாமல் மாற்றிய ஷொக்குகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

ஸ்பிரிங்கை மாற்றும்போது ஒருபக்கத்தை மட்டும் மாற்றினால் கார் சரிந்து நிற்கும். சோடியாக மாற்ற வேண்டும். தடிகளின் புஷ்களை மாற்றினால், போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது கார் தன் சில்லுகளில் தரையில் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் றப்பர் முறுகி நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். 'போன வருசம்தானே புஷ் மாத்தினது' என்று பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று விடயங்களுக்குச் சம்மதிக்காதீர்கள்.

ஒன்று, ஸ்பிரிங்கை அதன் இருக்கையோடு வெல்டிங் செய்வது. ஸ்பிரிங் இரும்பின் பலம் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். பிறகு அதே இடத்தில் முறியும்.

இரண்டு, சுருள்களுக்கு நடுவில் ரயர்த் துண்டையோ றப்பர்க் கட்டையையோ செருகுவது. கார் உயர்ந்தது போலத் தெரியும். ஆனால் அந்தச் சுருள்கள் வேலை செய்யாமல் போக, மிச்சச் சுருள்கள் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும். அடியும் முழுமையாக ஆசனத்துக்கு வரும். முதுகில், இடுப்பில் காயம் உள்ளவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள் அந்த ஆசனத்தில் இருக்கப்போகிறார்கள் என்பதை நினையுங்கள். அப்படிப்பட்ட ஒருவர் இல்லாத வீடு எங்கள் ஊர்களில் குறைவு.

மூன்று, ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது. அது தொங்கும்போது கழன்று விழ வழிசெய்யும்.

வானும் லொறியும் வைத்திருப்பவர்களுக்கு

பல வான்களிலும், பழைய வேகன்களிலும், லொறிகளிலும் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். மொறிஸ் மைனரும் அதே வகைதான். அங்கே தளர்வு வேறு விதமாக வரும். பட்டைக் கட்டையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். கட்டின் நடுவே ஊடுருவிப் போகும் நடு போல்ட் ஒன்று அச்சு முன்பின் நகராமல் வைத்திருக்கும். யூ போல்ட் இளகினால் முழு அடியும் அந்த நடு போல்ட்டுக்குப் போகும். அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். வாகனம் நேரே ஓடினாலும் நண்டு போலச் சரிந்து போவது பின்னால் வருபவருக்குத் தெரியும்.

ஆகவே பட்டைகள் கழற்றிப் பூட்டிய பின் சில நாட்கள் பாரத்தோடு ஓடிவிட்டு யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். பட்டைகளின் ஓரத்தைத் துடைத்து வெடிப்புப் பாருங்கள். முனைகளில் உள்ள தொங்கு கொளுவியின் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா என்று கம்பியால் நெம்பிப் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்காரர்கள் தவணை விடுமுறைக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும்.

எப்போது ஓட்டத்தை நிறுத்த வேண்டும்?

எல்லாச் சத்தமும் உடனடி ஆபத்தல்ல. தேய்ந்த ஷொக் புஷ்ஷோடு மெதுவாகக் கராஜ்வரை போகலாம். ஆனால் கார் ஒரு பக்கம் தெளிவாகச் சரிந்திருந்தால், உடைந்த ஸ்பிரிங் முனை ரயருக்குக் கிட்ட வந்திருந்தால், ரயர் எங்காவது உரசினால், நேர்வீதியில் பின்பக்கம் இழுத்தால், சில்லு நட்டு இளகியிருந்தால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கராஜுக்குப் போகும்போது ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள்: எந்தப் பக்கம், சில்லு விழும்போதா ஏறும்போதா, பாரத்தோடு கூடுகிறதா குறைகிறதா, பிறேக்கோடு தொடர்பு உண்டா, கடைசியாக என்ன மாற்றினீர்கள். பெண்கள் தனியாகப் போனால் கராஜில் எங்களைத் தாண்டி யாரோ ஓர் ஆணைத் தேடிப் பேசுவார்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சு எங்களோடு நடக்கும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது உங்களுடைய பொருள். எல்லாவற்றுக்கும் முதல், பின் ஆசனத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

உடைந்த அந்த விரல் நீளத் துண்டை ஐயா துடைத்து என்னிடம் தந்தார். அது காரின் முன் தட்டில் கிடக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் பரந்தன் வரைக்கும் 'டொக்' வரவில்லை. அம்மாவின் கை கதவுப் பிடியில் இல்லாமல் தலையணையின் மேல் இருந்தது. ஆனையிறவு தாண்டும்போது நித்திரை என்று நினைத்தேன்.

"பிள்ளை" என்றார் கண்ணை மூடியபடி. "முன்னுக்கு, வலப்பக்கம், சின்னதா ஒரு கிறீச். கேக்குதோ?"

எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஐயாவிடம் காட்டினோம். இருந்தது.